செதில் ஒண்ணு, சுவர் முழுக்க: பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டரும் நம்ம கேமராவும்

[திரை இருட்டு. 'கிளிக்… கிளாக்' சத்தம். சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம், நடுவில் ஒரு தூசி.]

இந்தச் சத்தம் ஞாபகம் இருக்கறவங்க கையத் தூக்குங்க. ஸ்லைடு ப்ரொஜெக்டர், அதாவது சின்ன ஃப்ரேம்ல மாட்டின ஃபிலிம் படத்தை (அதான் ஸ்லைடு) சுவத்துல பெருசாக் காட்டற பெட்டி. இன்னிக்கு இதுல படம் பார்க்கப் போறதில்ல, இத வச்சு படம் எடுக்கப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஃபியூஸ் போன பல்பப் பத்திப் பேசியாகணும்.

[கையில் தண்ணீர் நிரப்பிய குண்டு பல்பு.]

எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஒரே வாசல், உள்ள ஏழு குடித்தனம். லீவு விட்டா நாங்க பசங்க சேர்ந்து சினிமா காட்டுவோம். டிக்கெட் அஞ்சு புளியங்கொட்டை. எங்க பெரியப்பா தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தியேட்டர்ல ஆபரேட்டர். அறுந்து போன ஃபிலிம் துண்டெல்லாம் அவர் சட்டைப் பையில வரும், அதுக்கு நாங்க அடிச்சுக்குவோம். ஃபியூஸ் போன பல்போட அடிக் கறுப்பைத் தட்டி எடுத்து, உள்ள இருக்கற கம்பியெல்லாம் உதிர்த்துட்டு, தண்ணி ஊத்தினா லென்ஸ் ரெடி. ஒருத்தன் வெயில்ல நின்னு முகம் பார்க்கற கண்ணாடியால வெளிச்சத்த ஜன்னல் வழியா உள்ள அடிப்பான். அவனுக்கு மட்டும் படம் தெரியாது, பாவம். சூரியன் நகர நகர அவனும் நகரணும். உள்ள இருட்டு, பெரியவங்க வேட்டிதான் திரை. ஃபிலிமைத் தலைகீழாப் பிடிச்சா வேட்டியில எம்.ஜி.ஆர். நேரா நிப்பாரு.

அப்ப புரியாம செஞ்சதுக்கு இப்ப கணக்கு இருக்கு. தண்ணி நிரம்பின உருண்டையோட குவிய தூரம், அதோட மையத்துலேர்ந்து ஏறக்குறைய அந்த உருண்டையோட விட்டம் அளவு. ஆறு சென்டிமீட்டர் பல்புன்னா, கண்ணாடிக்கு வெளியில மூணு சென்டிமீட்டர் தள்ளிக் குவியும். ஃபிலிமை அதுக்குக் கொஞ்சம் பின்னாடி பிடிக்கணும். நாங்க அதை 'ரெண்டு விரக்கடை'ன்னு சொல்லுவோம். எந்தப் புத்தகத்துலயும் படிக்கல, தேடித் தேடிக் கை அங்க போய் நின்னுடும். நடுவுல தெளிவு, ஓரமெல்லாம் கலங்கல். அந்தக் கலங்கலுக்கு இன்னிக்கு ஆயிரக்கணக்குல காசு குடுத்து லென்ஸ் வாங்கறாங்க.

[ப்ரொஜெக்டரின் மூடி திறக்கிறது.]

இப்ப இதுக்குள்ள பாருங்க. கண்ணாடி பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்ன பையன் இங்க ஒரு ஹாலஜன் பல்பு. அதுக்குப் பின்னால குழி ஆடி. முன்னால வெளிச்சத்த ஸ்லைடு முழுக்கச் சமமாப் பரப்ப ரெண்டு கண்டென்சர் லென்ஸ். நடுவுல சூட்டை வாங்கிக்கற ஒரு தடிமன் கண்ணாடி, அது இல்லன்னா ஃபிலிம் வெந்துடும். அப்புறம் ஸ்லைடு. அப்புறம் முன் லென்ஸ். கேமராவுக்குள்ள வெளிச்சம் வெளியிலேர்ந்து வந்து ஃபிலிம்ல விழும். இங்க ஃபிலிம்லேர்ந்து கெளம்பி வெளிய போகுது. திருப்பிப் போட்ட கேமரா, அவ்வளவுதான்.

வரலாறை ரெண்டு மூச்சுல முடிச்சுடறேன். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1659 வாக்குல மாய விளக்கு செஞ்சாரு, கண்ணாடியில வரைஞ்ச படத்தை விளக்கு வெளிச்சத்துல சுவத்துக்கு அனுப்பறது. நம்ம பக்கம் 1905-ல, திருச்சியில ரயில்வே வேலையில இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்டேர்ந்து சினிமா ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராக் கூடாரம் போட்டுப் படம் காட்டினாரு. 1936-ல 35 மில்லிமீட்டர் கோடாக்ரோம் கலர் ஸ்லைடு வந்துச்சு. 1961-ல கோடாக் கரௌசல், வட்டத் தட்டுல 80 ஸ்லைடு. 2004-ல கோடாக் ஸ்லைடு ப்ரொஜெக்டர் செய்யறதையே நிறுத்திட்டாங்க.

நான் இதை வாங்கினது பார்க் டவுன் பக்கம் நடைபாதையில. மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சு போச்சு, ஆனா பழசு வாங்கி விக்கற பழக்கம் அந்தப் பக்கத்த விட்டுப் போகல. வாங்கி வந்த அன்னிக்கே பல்பு போச்சு. புது பல்பு, 24 வோல்ட் 150 வாட், தேடிப் பிடிச்சு வாங்கி, ஆசையா வெறுங்கையால எடுத்து மாட்டினேன். கொஞ்ச நேரத்துலயே 'டப்'. பெரியப்பா ஈஸி சேர்ல சாஞ்சபடியே சொன்னாரு: "இன்னாடா, கையால தொட்டியா? அத்த துணியில சுத்திதான் புடிக்கணும்னு எவனும் சொல்லலியா உனுக்கு?" விரல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு பல்பு மேல ஒட்டினா, அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி கண்ணாடி விட்டுப் போகும். ரெண்டாவது பல்பை துணியோட மாட்டினேன். இன்னும் எரியுது.

[வீட்டுக் கூடம். ப்ரொஜெக்டர் ஸ்டூல் மேல். டேப்பால் அளக்கிறோம்.]

85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு 12 அடி தள்ளி வச்சா, படம் சுமார் 5 அடி அகலம் விழும். ஸ்லைடுல படத்தோட அகலம் 36 மில்லிமீட்டர்தான். அதாவது 42 மடங்கு. ஆரம்பத்துல சுவத்துல ஒரு தூசி பார்த்தீங்களே? ஒரு மில்லிமீட்டர் தூசி, சுவத்துல நாலு சென்டிமீட்டர். அதனால முதல்ல ப்ளோயரால (அமுக்கினா காத்து அடிக்கற ரப்பர் பந்து) ஊதுங்க. வாயால ஊதினா எச்சில் தெறிக்கும், அதுவும் 42 மடங்கு.

'வீட்லதான் டிஜிட்டல் ப்ரொஜெக்டர் இருக்கே, இந்தப் பழசு எதுக்கு'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. டி.எல்.பி. வகை டிஜிட்டல் ப்ரொஜெக்டர்ல பெரும்பாலானது சிவப்பு, பச்சை, நீலத்த ஒரே நேரத்துல காட்டாது. ஒண்ணு மாத்தி ஒண்ணாச் சுழல விடும், நம்ம கண்ணு அதைக் கலந்து பார்த்துக்கும். கேமரா கலக்காது. ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ள விடற கதவை, கொஞ்சம் வேகமா வச்சா ஆள் முகத்துல பச்சைப் பட்டையும் சிவப்புப் பட்டையும் ஓடும். அது போக, கிட்டப் போனா கட்டம் கட்டமா பிக்சல். ஸ்லைடு ப்ரொஜெக்டர்ல கம்பி சூடாகி எரியுது, நிதானமான வெளிச்சம். கிட்டப் போனாக் கட்டம் இருக்காது, ஃபிலிமோட பொடிப் பொடியான மணிதான் (கிரெய்ன்) தெரியும்.

கேமராவுல ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணர்ற அளவு) 800, அப்பெர்ச்சர் (லென்ஸோட திறப்பு) 2.8, ஷட்டர் 30-ல ஒரு பங்கு விநாடி. இதுலேர்ந்து ஆரம்பிச்சு ஏத்தி இறக்கிக்கோங்க. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாத் தெரிய கலரைச் சரி பண்றது) ஆட்டோல விடாதீங்க, கம்பி பல்பு வெளிச்சத்துக்கான டங்ஸ்டன்ல பூட்டிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கலர்ல வரும். போன்ல இதையெல்லாம் நம்மளே மாத்தற ப்ரோ மோடு இருந்தா போதும். ட்ரைபாட் கட்டாயம். ஃப்ளாஷ் போட்டீங்கன்னா வெறும் சுவர்தான் படத்துல வரும்.

சரி, இப்ப திரை. என் கட்சி இதுதான்: வெள்ளைத் திரை வேணவே வேணாம். படம் எது மேல விழுதோ அதுதான் பாதிப் படம்.

[காசிமேடு. உப்புக்காத்தில் பொரிந்த சுவர். இரவு.]

கடலுக்குப் பக்கத்து சுவரைப் பாருங்க. சுண்ணாம்பு செதில் செதிலா எழும்பி நிக்குது. ப்ரொஜெக்டரை நேரா வச்சா இந்த மேடு பள்ளம் எல்லாம் மறைஞ்சிடும். சாய்ச்சு, பக்கவாட்டுலேர்ந்து அடிங்க. ஒவ்வொரு செதிலும் நிழல் போடும். படம் கோணலாகும், நடுவுல ஒரு பட்டை மட்டும் தெளிவா இருக்கும். அந்தப் பட்டையில கண்ணு வர்ற மாதிரி பார்த்து வச்சா, பாதி மறந்து போன முகம் மாதிரி ஒண்ணு சுவத்துலேர்ந்து வெளிய வரும்.

[மூன்று கொசுவலைகள், ஒன்றின் பின் ஒன்றாகக் கொடியில்.]

இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. வட சென்னையில கொசுவலை இல்லாத வீடு உண்டா? மூணு வலைய ஒரு அடி இடைவெளியில தொங்க விடுங்க. முதல் வலையில கொஞ்சம் வெளிச்சம் மாட்டும், மிச்சம் ஓட்டை வழியா ரெண்டாவதுக்குப் போகும், அதுலயும் மிச்சம் மூணாவதுக்கு. ஒரே உருவம் மூணு இடத்துல, பின்னால போகப் போகக் கொஞ்சம் பெருசா, கொஞ்சம் மங்கலா. நேரா நின்னு எடுத்தா ஒண்ணும் இல்ல. பக்கத்துல தள்ளி நின்னு எடுங்க, மூணும் பிரியும். ஃபேனைப் போட்டு, ஷட்டரை ரெண்டு விநாடி திறந்து வைங்க. உருவம் மூச்சு விடற மாதிரி இருக்கும். அறையில துளி சாம்பிராணிப் புகை போட்டா, லென்ஸ்லேர்ந்து வலை வரைக்கும் கதிரே தெரியும். அந்தக் காலத்து தியேட்டர்ல தலைக்கு மேல அந்தக் கதிர் தெரிஞ்சது பீடிப் புகையாலதான். சாம்பிராணி எவ்வளவோ தேவலை.

ஸ்லைடுக்கு எங்க போறதுன்னு கேட்கறீங்களா? எனக்கு ப்ரொஜெக்டரோட ஒரு டப்பா ஸ்லைடு சேர்ந்து வந்துச்சு. யாரோட குடும்பமோ. கல்யாணம், ஒரு ஸ்கூட்டர், ஏதோ மலை. முகம் தெரியற எதையும் இந்த வீடியோவுல போடல. இன்னொண்ணு சொல்லணும்: ஸ்லைடுல இருக்கறது சாயம். ப்ரொஜெக்டர் வெளிச்சம் பட்ற ஒவ்வொரு நிமிஷமும் அது கொஞ்சம் வெளுக்கும். கோடாக்ரோமை இருட்டுல வச்சா பல வருஷம் கலர் அப்படியே நிக்கும், வெளிச்சத்துல காட்டினாதான் சீக்கிரம் போகும். யாரும் பார்க்காத வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு. அதனால நல்ல ஸ்லைடை முதல்ல மேக்ரோ லென்ஸ்ல (ரொம்பக் கிட்டப் போய் எடுக்கற லென்ஸ்) ஒரு காப்பி எடுத்துட்டு, அப்புறம் சுவத்துக்கு அனுப்புங்க, சீக்கிரம் எடுத்துடுங்க. ரெண்டு வெளுத்த ஸ்லைடு கிடைச்சா ஒரே ஃப்ரேம்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. அழுத்தமான ஸ்லைடை இப்படிச் சேர்த்தா வெறும் கறுப்புதான் வரும். வெளுத்ததுக்குத்தான் இந்த விளையாட்டு.

ஸ்லைடே இல்லன்னாலும் பரவாயில்ல. காலி ஃப்ரேம் போதும். வெங்காயத்துல ஒரு மெல்லிசு தோல் உரியும் பாருங்க, அதை வச்சா செல் செல்லா சுவர் பூரா கட்டடம் கட்டின மாதிரி இருக்கும். ஆனா நான் காட்ட வந்தது வேற.

[காசிமேடு, விடியற்காலை. மீன் கூடைகள், ஐஸ்.]

இங்க ஒரு அக்காகிட்ட ரெண்டு கொடுவா செதில் கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "மீன் இன்னா வெலன்னு கேட்டு சண்ட போடறவன பாத்துகீறேன். செதில் கேக்கறவன இப்பதான் பாக்கறேன். எட்த்துக்க போ, காசு வேணாம்." செதிலை சோப்புத் தண்ணியில கழுவி, ஈரம் காயறதுக்குள்ள கனமான புத்தகத்துல வச்சு அமுக்கணும், இல்லன்னா சுருண்டுடும். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவுல வச்சு ஃப்ரேம்ல மாட்டினேன்.

[கிளிக்… கிளாக். சுவர் முழுக்கச் செதில்.]

ஒன்றரை சென்டிமீட்டர் செதில், சுவத்துல ரெண்டடி. மரத்த அறுத்தா தெரியுமே, அந்த மாதிரி வளையம் வளையமா. மீன் வளர வளரச் செதிலோட ஓரத்துல ஒரு கோடு சேர்ந்துக்கிட்டே போகும். குளிர் நாட்டுல குளிர்காலத்துல இந்தக் கோடெல்லாம் நெருங்கி ஒரு பட்டையாத் தெரியும், அந்தப் பட்டையை எண்ணி வயசு சொல்லிடுவாங்க. நம்ம கடல் வருஷம் பூரா வெதுவெதுப்பா இருக்கறதால அது அவ்வளவு லேசு இல்ல. அடுத்த வாரம் அந்த அக்காவைக் கூட்டி வந்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால நிக்க வச்சு, அவங்க மேலயே இந்தச் செதிலை அடிச்சு எடுத்தேன். கன்னத்துல, கழுத்துல, புடவையில வளையம் ஓடுது. போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நானே மீனாட்டம் கீறேன்"னாங்க. அந்தப் படம் அவங்க அனுமதி இல்லாம இங்க வராது. அவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க.

ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் பத்தி ஒரு வார்த்தை. வகுப்புல பிளாஸ்டிக் தாள் போட்டு பாடம் நடத்துவாங்களே, அது. இப்ப காயலான் கடையில எடைக்குப் போடறாங்க. மேல் கண்ணாடிக்கு அடியில வரி வரியா ஒரு தட்டை லென்ஸ் இருக்கும், கலங்கரை விளக்கத்துக்காக 1820-கள்ல ஃபிரெனெல் கண்டுபிடிச்ச அதே தத்துவம். அதுமேல ஒரு கண்ணாடித் தட்டு, கொஞ்சம் தண்ணியில கலர் மசி, மேல நாலு சொட்டு தேங்காய் எண்ணெய். இன்னொரு கண்ணாடியால மெதுவா அமுக்கி அமுக்கி விடுங்க. 1960-கள்ல அமெரிக்காவுல பாட்டுக் கச்சேரிக்குப் பின்னால ஓட விட்ட வெளிச்ச வேடிக்கை இதுதான்.

[பெரியப்பா, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு கண்ணாடித் துண்டு.]

கடைசியா பெரியப்பாவோட வித்தை. தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி ஸ்லைடு போடுவாங்க. நகைக்கடை, டெய்லர், 'முன் சீட்டில் கால் வைக்காதீர்கள்'. திடீர்னு யாரையாவது வெளிய கூப்பிடணும்னா? அப்ப இவர் விளக்குப் புகையில கண்ணாடியக் காட்டுவாரு. கரி படியும். குண்டூசியால கீறினா எழுத்து. திருப்பி எழுத வேண்டியதே இல்ல, எழுதிட்டுத் தலைகீழாச் சொருகினாப் போதும். கீறின இடத்துல மட்டும் வெளிச்சம் போகும், மத்ததெல்லாம் கருங்கும்னு இருக்கும். கோட்டுல ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், எந்த சாஃப்ட்வேர்லயும் அந்தப் பிசிறு வராது.

"பெரிப்பா, ஒண்ணு எழுதிக் குடுங்க, வீடியோ முடியறப்ப போடறேன்"னு கேட்டேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷம் கீறினாரு. கை லேசா நடுங்குது, ஆனா எழுத்து நடுங்கல. அவரே எழுந்து வந்து சொருகினாரு.

[கிளிக்… கிளாக். கறுப்புச் சுவரில் வெள்ளையாக: 'இடைவேளை'.]

"தோ, நீ எட்த்துகினு இரு. நான் போய் டீ குட்ச்சிட்டு வரேன்."