ஆச்சா மரத்தில் பேசிய சுத்த மத்தியமம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் பணிவான வணக்கம்.

கலையில் முன்னோடிகளாக விளங்கியவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்தபோது, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. ஒன்று திருவாவடுதுறை, மற்றொன்று நரசிங்கம்பேட்டை. முதல் ஊரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தவர் அதன் ஆதீன நாகசுர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. அவர் கையிலிருந்த நாயனத்தை, அதாவது நாகசுரத்தை, கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. முன்னவரைக் கொண்டாடும் மேடைகளில் பின்னவரின் பெயர் விட்டுப்போகிறதே என்பது என் நெடுநாள் மனக்குறை.

1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த பிள்ளையவர்களின் துணிவை நீங்கள் அறிவீர்கள். மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவாமி புறப்பாட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் நின்றபடியே வாசிக்க வேண்டியிருந்த கலைஞனை, வாய்ப்பாட்டு வித்துவான்களுக்குச் சமமாக மேடையில் அமர வைத்தவர் அவர். சுருதிக்காகத் தொடர்ந்து ஊதப்படும் துணைக் குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டதும், கிராப்பும் ஷெர்வானியுமாக வந்ததும் அந்த மரியாதைக்கான போராட்டமே. இவை பலமுறை பேசப்பட்டவை. நான் கருவிக்கு வருகிறேன்.

அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது திமிரி நாயனம். அளவில் குட்டை, சுருதியில் உச்சம். நான்கு மாட வீதிகளுக்கும் கேட்க வேண்டிய கருவி அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆனால் அதில் சுத்த மத்தியமம், அதாவது ‘ம’ என்னும் சுரத்தின் இரு வகைகளில் தாழ்ந்தது, தானாகப் பேசாது; ஊதும் காற்றாலும் உதட்டாலும் சரிக்கட்டித்தான் அந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். பிள்ளையவர்களின் உயிரான தோடியோ சுத்த மத்தியமத்தை உடைய ராகம். மணிக்கணக்கில் தோடியை விரிக்கும் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சுரத்தோடு மல்லுக்கட்டுவது எத்தகைய வேதனை என்று எண்ணிப் பாருங்கள். நீளத்தைக் கூட்டி, சுருதியைத் தணித்து, சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசும்படி துளைகளை அமைத்துப் பாரி நாயனத்தை உருவாக்கிக் கொடுத்தார் ஆசாரி. வித்துவானின் மனத்தில் ஒலித்ததைத் தம் காதில் வாங்கி மரத்தில் இறக்கிய அவரையும் முன்னோடி என்றே நான் சொல்லுவேன்.

அந்தப் பட்டறை வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். உலவு எனப்படும் நீண்ட குழலை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளில் பல தலைமுறை உத்திரமாகக் கிடந்து, ஈரம் அறவே வற்றிய மரமே வேண்டும். உலவில் மொத்தம் 12 துளைகள். விரல் விளையாடுவது ஏழில்தான்; மற்ற ஐந்தும் பிரம்மசுரத் துளைகள், மெழுகை வைத்துச் சுருதியைச் சரிசெய்ய உதவுபவை. கீழே விரியும் அணசு வாகை மரம். வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு நாணல். நாயனத்தின் கழுத்தில் நூலில் கட்டித் தொங்கும் உபரிச் சீவாளிகளையும் ஊசியையும் சிறுவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். கச்சேரி நடுவே சீவாளி மக்கர் செய்தால் கைகொடுப்பவை அவைதாம்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மனம் நிறைந்த செய்திதான். ஆயினும் குறியீடு மரத்தைக் கொண்டுவந்து தராது. நம் டெல்டாவில் திண்ணையும் முற்றமுமாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக் கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. இனி உத்திரமாகக் கிடந்து முதிரப்போகும் ஆச்சா மரம் எங்கே இருக்கிறது? ஆகவே இங்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் தெருவில் பழைய வீடு எதையேனும் பிரிக்கிறார்கள் என்றால், அந்த உத்திரங்கள் விறகுக்கடைக்குப் போகும் முன்னர், நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.