பயத்துக்குப் போடுற சிமெண்ட்: ப்ரீகாஸ்ட் பிளாண்ட்ல காசு எங்க கரையுது?

வணக்கம் மக்களே. பின்னாடி வைப்ரேட்டர் ஓடிட்டிருக்கு, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கங்க. பேனல் ஊத்திட்டிருக்கிற நேரத்துலயே பேசணும்னுதான் மோல்டு பக்கத்துல வந்து நிக்கிறேன். ஆபீஸ்ல உக்காந்து பேசினா இந்த விஷயம் வெறும் எக்செல் கணக்கா போயிடும்.

ப்ரீகாஸ்ட் ஃபேக்டரி, அதாவது சுவர்ப் பேனல், படிக்கட்டு மாதிரி கான்கிரீட் பாகங்களை மோல்டுல ஊத்தி சைட்டுக்கு அனுப்புற ஃபேக்டரி. அதை நடத்துற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். சிமெண்ட் ஏறிடுச்சு, கம்பி ஏறிடுச்சு, டீசல் ஏறிடுச்சு. சரி, ஏறிடுச்சு. அதை நாம நிறுத்த முடியுமா? பேரம் பேசி கொஞ்சம் குறைக்கலாம், அதோட சரி. ஆனா நம்ம ஷெட்டுக்குள்ளயே இன்னொரு சிமெண்ட் இருக்கு. வரைபடத்துல யாரும் கேக்காத சிமெண்ட். நான் அதைப் பயச் சிமெண்ட்னு சொல்லுவேன். காலையில மோல்டு கழட்டும்போது மூலை உடைஞ்சிடுமோ, பலம் சோதிக்க ஊத்துற கியூப் (சின்னக் கான்கிரீட் கட்டி) ஃபெயில் ஆயிடுமோன்னு பயந்து கன மீட்டருக்கு 20 கிலோ, 30 கிலோ கூடப் போடுறோமே, அதுதான். வெளிய விலை ஏறும்போது இந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் காசு ஏறுது.

சைட்ல ஊத்துற கான்கிரீட்டுக்குப் பெரும்பாலும் 28 நாள் பலம்தான் கணக்கு. நமக்கு அப்படி இல்ல. வரைபடத்துல 28 நாள் பலம் 40 மெகாபாஸ்கல்னு இருக்கும். ஆனா நம்மளை ஆட்டி வைக்கிறது மறுநாள் காலை பலம். பேனலைத் தூக்கணும்னா 15 இருக்கணும்னு டிசைனர் சொல்லியிருப்பார்னு வெச்சுக்கங்க. பிரீஸ்ட்ரெஸ் ஐட்டம்னா, அதாவது உள்ள இழுத்துக் கட்டின கம்பிக் கயிறு (ஸ்ட்ராண்டு) இருக்கிறதுன்னா, அதை ரிலீஸ் பண்ண அதைவிட ரொம்பக் கூடவே வேணும். அந்தக் காலை பலத்துக்காக சிமெண்டை ஏத்துறோம், 28 நாள் கழிச்சு கியூப் 60-ல போய் நிக்குது. ரிப்போர்ட்டைப் பாத்து ஆஹா சூப்பர் குவாலிட்டின்னு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. எனக்கு வயிறு எரியும். 40 கேட்டவருக்கு 60 கொடுத்திருக்கோம், பில்லு மட்டும் 40-க்கு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம். காலையில 8 மணிக்கு முதல் மோல்டு ஊத்துறோம். கடைசி மோல்டு சாயங்காலம் 5 மணிக்கு. மறுநாள் காலையில 7 மணிக்குக் கழட்ட ஆரம்பிக்கிறோம். முதல் பேனலுக்கு வயசு 23 மணி நேரம். கடைசி பேனலுக்கு 14 மணி நேரம். ரெண்டுக்கும் ஒரே மிக்ஸ்! 14 மணி நேரத்துல பலம் வரணும்னு போட்ட காஸ்ட்லி மிக்ஸை, 23 மணி நேரம் சும்மா படுத்துக் கிடக்கப்போற பேனலுக்கும் ஊத்துறோம். இதைக் கேட்டா, ஒரே மிக்ஸ்னா குழப்பம் இல்லைங்கன்னு பதில் வரும். குழப்பம் இல்லதான், காசும் இல்ல.

மதியம் வரைக்கும் ஒரு மிக்ஸ், மதியத்துக்கு மேல ஒரு மிக்ஸ்னு பிரிச்சுப் பாருங்க. காலை மிக்ஸ்ல சிமெண்டைக் குறைச்சு ஃப்ளை ஆஷோ (அனல் மின் நிலையச் சாம்பல்) ஸ்லாகோ (இரும்பு உலைக் கசடு) சேர்க்கலாம். அது ஆரம்பத்துல மெதுவாத்தான் பலம் பிடிக்கும், ஆனா அதுக்குத்தான் நேரம் கிடக்கே. ட்ரையல் போட்டு, டிசைனர் கையெழுத்து வாங்கி, பேட்சிங் பிளாண்ட் ஸ்க்ரீன்ல ரெண்டு ரெசிபிக்கும் தெளிவா பேர் வைங்க. அப்புறம் முக்கியமான ஒண்ணு: ஊத்தின வரிசையிலயே கழட்டணும். நிறைய இடத்துல கிரேனுக்கு எது கிட்ட இருக்கோ அதைத்தான் முதல்ல கழட்டுறாங்க. அது பாத்தா நேத்து கடைசியா ஊத்தினதா இருக்கும். மொத்த பிளாண்டோட சிமெண்ட் அளவையும் அந்த ஒரு பேனல் தீர்மானிச்சிட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது.

சரி, காலையில பலம் எவ்வளவுன்னு நமக்கு யார் சொல்றா? கியூப். அந்தக் கியூப் ராத்திரி எங்க இருந்துச்சு? லேப் மேஜை மேல. இங்கதான் கோளாறு. சிமெண்ட் தண்ணியோட சேரும்போது சூடு வரும், உங்களுக்குத் தெரியும். 150 மில்லிமீட்டர் கியூப் அந்தச் சூட்டை சீக்கிரம் விட்டுடும். டன் கணக்குல எடை இருக்கிற பேனல், அதுவும் தார்ப்பாய் போட்டு மூடினது, சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். சூடு இருந்தா பலமும் வேகமா வரும். அதனால கியூப் 13 காட்டும்போது பேனல் 15-ஐத் தாண்டியிருக்கலாம். நாம 13-ஐப் பாத்து அரண்டுபோய் சிமெண்டை ஏத்துவோம். கியூபையும் பேனலோட அதே தார்ப்பாய்க்குள்ள வைங்க. செலவே இல்லாத வேலை இது.

இன்னும் கொஞ்சம் மேல போகணும்னா மெச்சூரிட்டி முறை இருக்கு. கான்கிரீட்டுக்குள்ள எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறதை வெச்சு பலத்தைக் கணிக்கிறது. புது விஷயம் ஒண்ணும் இல்ல. 1949-ல நர்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர், 1951-ல சால்ங்கறவர், ரெண்டு பேரும் நீராவி கியூரிங்கை ஆராய்ஞ்சு எழுதினதுல இருந்து வந்தது. இன்னைக்கு அமெரிக்காவோட ஏ.எஸ்.டி.எம். சி1074-னு தரநிலையாவே இருக்கு. சூடு பாக்குற ஒரு தெர்மோகப்பிள் ஒயர், அதைப் பதிவு பண்ற ஒரு லாகர், சூட்டையும் பலத்தையும் இணைச்சு முன்கூட்டியே லேப்ல போட்டு வெச்ச ஒரு வளைகோடு, அவ்வளவுதான். ஒயரைப் பேனலோட நடுவுல வைக்காதீங்க, அங்க சூடு அதிகமா இருக்கும். மெல்லிசான ஓரத்துலயும், தூக்குற கொக்கி பக்கத்துலயும் வைங்க, அங்கதான் முதல்ல உடையும். மிக்ஸ் மாறினா, சிமெண்ட் கம்பெனி மாறினா வளைகோட்டைத் திரும்பப் போடணும். இதைச் செய்யாம விட்டா ஏமாந்துடுவோம்.

நீராவி போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊத்தி முடிச்ச உடனே ஸ்டீமைத் திறக்காதீங்க. கான்கிரீட் செட் ஆகுற வரைக்கும் சில மணி நேரம் விடணும். இல்லன்னா உள்ள இருக்கிற தண்ணியும் காத்தும் விரிஞ்சு கான்கிரீட்டைக் கெடுத்துடும். கான்கிரீட்டுக்குள்ள சூடு 70 டிகிரி தாண்டவே கூடாது. தாண்டினா எட்ரிங்கைட்ங்கற படிகம் பிற்பாடு உருவாகி வருஷக்கணக்குல கழிச்சு விரிசல் வரும் அபாயம் இருக்கு. எரிபொருளுக்கும் காசு கொடுத்து விரிசலுக்கும் காசு கொடுக்கிற கதை அது. பாய்லரைத் தொடுறதுக்கு முன்னாடி தார்ப்பாய்ல கிழிசல் இருக்கான்னு பாருங்க. சிமெண்டோட சொந்தச் சூட்டை வெளிய விட்டுட்டு, பாய்லர் வெச்சு சூடு ஏத்திட்டு இருப்போம்.

அடுத்தது இதைவிடப் பெரிய தொகை. கியூப் ரிசல்ட் மேலயும் கீழயும் ஆடுற ஆட்டம். 40 மெகாபாஸ்கல் வேணும்னா மிக்ஸை 40-க்கு டிசைன் பண்ண மாட்டோம். நூறு ரிசல்ட்ல அஞ்சுக்கு மேல 40-க்குக் கீழ போகக் கூடாதுங்கறதுக்காக, ஸ்டாண்டர்டு டீவியேஷனை (ரிசல்ட் சராசரியில இருந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு) 1.65-ஆல பெருக்கி 40-ஓட கூட்டுவோம். டீவியேஷன் 5-னா இலக்கு 48.25. அதையே 3-க்குக் கொண்டு வந்தா 44.95. வித்தியாசம் 3.3 மெகாபாஸ்கல். அந்த 3.3 எங்க இருந்து வருது? நம்ம ஒழுங்கீனத்துல இருந்துதான். அதுக்குக் கன மீட்டருக்கு 15 கிலோ சிமெண்ட் போகுதுன்னு வெச்சுக்கங்க. ட்ரையல் போட்டாத்தான் உங்க பிளாண்டோட நிஜ அளவு தெரியும், நான் கணக்குக்காக சொல்றேன். ஒரு நாளைக்கு 60 கன மீட்டர் ஊத்தினா 900 கிலோ. மாசத்துக்கு 25 வேலை நாள்னா 22.5 டன். யாரும் திருடல, ஆனா போயிடுச்சு.

அந்த ஆட்டத்துக்கு முதல் குற்றவாளி மணல்ல இருக்கிற ஈரம். கன மீட்டருக்கு 800 கிலோ மணல் போடுறோம். ஈரம் 3 சதவீதம்னு ஆபரேட்டர் காலையில போட்டு வெச்சுட்டார். மழை பெஞ்சுது, இல்ல குவியலோட அடியில இருந்து அள்ளினாங்க, ஈரம் 5 ஆயிடுச்சு. 2 சதவீதம்னா 16 லிட்டர் தண்ணி கூடுதல். 400 கிலோ சிமெண்டுக்கு 160 லிட்டர்னு இருந்தது 176 ஆயிடுச்சு, அதாவது தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.40-ல இருந்து 0.44. அந்த பேட்ச் கியூப் கீழ வந்ததும் என்ன செய்றோம்? மணலைப் பாக்க மாட்டோம். சிமெண்டை ஏத்துவோம்! மணல் பின்ல ஈரம் பாக்குற சென்சார் போடுங்க. வாங்க முடியலையா, மணலுக்கு மேல கூரை போடுங்க, அள்ளுறதுக்கு முன்னாடி தண்ணி வடிய விடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை வாணலியில வறுத்து எடை பாருங்க. லோடர் ஓட்டுறவருக்கும் சொல்லி வைங்க, அடி மணலை வழிச்சு எடுக்க வேண்டாம்னு.

மணல் பத்திப் பேசும்போதே இதையும் சொல்லிடுறேன். பி.சி.இ. வகை அட்மிக்சர் (தண்ணி கூட்டாமலே கான்கிரீட்டை இளக வைக்கிற கெமிக்கல்) போடுறவங்க மணல்ல களிமண் இருக்கான்னு கண்டிப்பா பாக்கணும். சில வகைக் களிமண் பி.சி.இ.-யை அப்படியே உறிஞ்சி வெச்சுக்கும். ஸ்லம்ப் (கான்கிரீட்டோட இளக்கம்) வரல, ஸ்லம்ப் வரலன்னு அட்மிக்சரை ஊத்திட்டே இருப்போம். களிமண்ணைக் காட்டிக் கொடுக்கிற மெத்திலீன் ப்ளூ டெஸ்ட் பண்ணினா காரணம் தெரிஞ்சிடும். விலை கம்மின்னு வாங்கின மணல் அட்மிக்சர் பில்லுல வந்து நிக்கும்.

இப்ப இந்த மோல்டைப் பாருங்க. கேமராவைக் கொஞ்சம் கீழ கொண்டு வரேன்... இந்த ஓரம். 6 மீட்டருக்கு 3 மீட்டர் பேனல், தடிப்பு 150 மில்லிமீட்டர். கான்கிரீட் 2.7 கன மீட்டர். இப்ப மேஸ்திரி மட்டப்பலகை இழுக்கும்போது 6 மில்லிமீட்டர் கூட நின்னா யாருக்குக் கண்ல படும்? பாக்க அழகா, மட்டமாத்தான் இருக்கும். ஆனா 18 சதுர மீட்டர்ல அந்த 6 மில்லிமீட்டர் 0.108 கன மீட்டர். எடையில 260 கிலோ பக்கம். 25 பேனல் ஊத்தினா ஒரு முழுப் பேனலோட கான்கிரீட்டை இலவசமா அனுப்பியிருக்கோம். அதைத் தூக்க கிரேனும், ஏத்திட்டுப் போக லாரி டீசலும் வேற. இதை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது, ஏன்னா ரிஜெக்ட் ஆகலையே! மாசக் கடைசியில பேட்சிங் பிளாண்ட் போட்ட மொத்தக் கன மீட்டரையும், வரைபடப்படி வரவேண்டிய கன மீட்டரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. அந்த வித்தியாசத்துல தடிப்பும் இருக்கு, வயிறு தள்ளின சைடு ஷட்டரும் இருக்கு, ட்ரக் மிக்சர்ல மிஞ்சி கொட்டினதும் இருக்கு. மிஞ்சினதுக்கு எப்பவும் நாலு கவர் பிளாக் (கம்பிக்கு அடியில வைக்கிற சின்னக் கட்டி) மோல்டு, கெர்ப் (ரோட்டோரக் கல்) மோல்டு ரெடியா வெச்சிருக்கணும்.

கம்பியை ரொம்ப இழுக்க மாட்டேன். 12 மீட்டர் கம்பியில 4.2 மீட்டர் துண்டு ரெண்டு வெட்டினா 3.6 மீட்டர் மிஞ்சும், அதாவது 30 சதவீதம் ஸ்கிராப். இன்னொரு ஐட்டத்துல 3.6 மீட்டர் தேவைப்பட்டா மிச்சமே கிடையாது. அதனால கட்டிங் லிஸ்டை ஐட்டம் ஐட்டமா போடாம, ஒரு வாரத்து வேலைக்கு மொத்தமா சேர்த்துப் போடுங்க.

கம்ப்ரஸர் இருக்கிறவங்க விடுமுறை நாள்ல எல்லா மெஷினையும் நிறுத்திட்டு ஷெட்டுக்குள்ள ஒரு நடை நடந்து பாருங்க. ஸ்ஸ்ஸ்னு சத்தம் கேக்குற இடமெல்லாம் கரண்ட் பில்லு. கவனிக்காத பிளாண்ட்ல கம்ப்ரஸர் தர்ற காத்துல 20-ல இருந்து 30 சதவீதம் கசிவுலயே போகலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறையோட வழிகாட்டியே சொல்லுது.

குறைக்கக் கூடாத இடமும் இருக்கு, அதை சொல்லாம போனா தப்பாயிடும். மிஞ்சின உயர் பலக் கம்பித் துண்டை வளைச்சு தூக்குற கொக்கியா போடுறாங்க. செய்யாதீங்க. வளைச்ச இடத்துல அது திடீர்னு முறியலாம், கீழ ஆள் நிப்பான். அதுக்குன்னு இருக்கிற லிஃப்டிங் ஆங்கர், இல்லன்னா டிசைனர் கணக்குப் போட்டுக் கொடுத்த லூப், அதைத் தவிர வேற வேண்டாம். பிரீஸ்ட்ரெஸ் ரிலீஸும் அப்படித்தான், பலம் வந்துச்சுன்னு சோதனை சொல்லாம வெட்டக் கூடாது. அங்க பயம் இருக்கிறது நல்லது. ஷட்டரிங் ஆயிலுக்கு பதிலா பழைய இன்ஜின் ஆயில் தடவுறதும் இதே மாதிரி பொய்யான மிச்சம். கறை, சின்னச் சின்ன ஓட்டை, அதுக்கு மேல பூசுற ஆள் கூலி.

கடைசியா விலை சொல்ற விஷயம். கன மீட்டருக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்ற பழக்கத்தை விடணும்னு நினைக்கிறேன். ஓட்டையே இல்லாத சுவர்ப் பேனலும், படிக்கட்டும் ஒரே கன மீட்டரா இருக்கலாம். ஆனா படிக்கட்டு மோல்டு செட் பண்ண எத்தனை ஆள் மணி நேரம் போகுது, அந்த மோல்டு இந்த ஆர்டருக்கு அப்புறம் எத்தனை தடவை உபயோகப்படும்? 50 தடவை ஊத்தினா மோல்டு விலையில 50-ல ஒரு பங்கு ஒவ்வொரு பீஸ் மேலயும் ஏறும், 200 தடவைன்னா 200-ல ஒரு பங்கு. கிளையன்டோட ஆர்கிடெக்ட்கிட்ட ஆரம்பத்துலயே உக்காந்து, ஜன்னல் அளவு ஏழு வகையை மூணா குறைங்கன்னு கேட்டு வாங்குறது எந்த சிமெண்ட் பேரத்தையும் விடப் பெரிய லாபம். ஆர்டர் எடுத்த அப்புறம் கேட்டா நடக்காது.

கொட்டேஷன்ல சிமெண்ட், கம்பி ரெண்டுக்கும் அடிப்படை விலையும் தேதியும் தனியா எழுதுங்க. ஏறினா ஏத்திக்கலாம், இறங்கினா குறைச்சுக்கலாம்னு ரெண்டு பக்கமும் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் எழுதினா கிளையன்ட் அந்த வரியையே அடிச்சு விட்டுடுவார். கொட்டேஷனுக்கு காலாவதி தேதி போட மறக்காதீங்க. சரி மக்களே, அடுத்த பேட்ச் வந்துட்டிருக்கு, ஸ்லம்ப் பாக்கணும். வரேன்.