நீல டைக்கர்: காட்டுத் தரையின் சின்ன மான்

நேயர்களுக்கு வணக்கம். மான் என்றதும் வெட்டவெளியில் துள்ளியோடும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போகும் நீல டைக்கருக்குக் கூட்டமும் இல்லை, வெட்டவெளியும் இல்லை. கேமரூன், காபோன், காங்கோ மழைக்காடுகள் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் கடலோரக் காடுகள் வரை மர நிழலிலேயே வாழ்கிறது. தோள் உயரம் ஓரடிக்குச் சற்று மேல். எடை பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ. ஆணைவிடப் பெண்தான் கொஞ்சம் பெரியது.

முன்னங்கால்கள் குட்டை, முதுகு வளைந்தது. அதனால்தான் அடர்ந்த புதருக்குள் தலையைக் கொடுத்ததும் உடம்பும் நுழைந்துவிடுகிறது. மேலே குரங்குகளும் இருவாச்சிகளும் பழம் தின்று சிந்துவதைக் கீழே நின்று பொறுக்கித் தின்னும். பழத்தை முழுதாக விழுங்கி, பிறகு அசைபோடும்போது கெட்டியான கொட்டையைத் துப்பிவிடும். தாய்மரத்தைவிட்டுத் தள்ளி விழும் கொட்டைக்கு முளைக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் குடும்ப வாழ்க்கை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஆறு முதல் பத்து ஏக்கர் காடுதான் அவற்றின் எல்லை. கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைச் செடிகளில் தேய்த்து வாசனையால் எல்லை போடும். அதே சுரப்பியை ஒன்றின் முகத்தில் இன்னொன்று வைத்து அழுத்தும். ஏழு மாதம் சுமந்து, ஒரே ஒரு குட்டி ஈனும். குட்டி முதல் சில வாரம் புதரில் பதுங்கியே கிடக்கும்.

இப்படி ஒரே இடத்தில் ஊன்றி வாழ்வதுதான் அதற்கு ஆபத்தும் ஆகிறது. தினம் நடக்கும் தடத்தில் கம்பிச் சுருக்கு வைத்தால் தப்புவது கடினம். வேட்டைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அது வலியில் கத்துவதைப் போலவே ஒலி எழுப்புவார்கள்; டைக்கர் தானாகவே நெருங்கி வரும். மத்திய ஆப்பிரிக்கச் சந்தைகளில் அதிகம் விற்கும் காட்டு இறைச்சிகளில் இதுவும் ஒன்று.

எந்த உயிரினம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சர்வதேசச் சிவப்புப் பட்டியல் இதை 'கவலை குறைந்த இனம்' என்கிறது. மொத்தக் கணக்குக்கு அது சரி. ஆனால் மரம்வெட்டும் சாலை நுழைந்தால் அதன் வழியே வேட்டையும் நுழைகிறது; அப்படிப்பட்ட பல காடுகளில் மரங்கள் நிற்கும், டைக்கர் அரிதாகிவிடும். இறைச்சியை நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வடக்குக் காங்கோவில், நுவாபாலே-என்டோக்கி தேசியப் பூங்காவை ஒட்டிய மரம்வெட்டும் பகுதிகளில் வேறு வழி கண்டார்கள். கம்பெனி லாரிகளில் காட்டு இறைச்சி ஏற்றத் தடை போட்டு, சாலைகளில் சோதனைச் சாவடி வைத்தார்கள். அத்தோடு நில்லாமல், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வேறு இறைச்சி கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சாலை போடும் ஒவ்வொரு கம்பெனிக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றி, வணக்கம்.