மகாவலிக்கு மூதூரிலும் ஒரு நாற்காலி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தவிசாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் குருக்கள் ஐயா, மௌலவி, பங்குத்தந்தை, விகாராதிபதி, கடற்றொழிலாளர் சங்கத்து அண்ணன்மாரே, வேலை நாளிலும் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த மூதூர், கிண்ணியாச் சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். யாரையாவது விட்டிருந்தால் தேத்தண்ணி நேரத்தில் பிடித்துத் திட்டுங்கள். பொன்னாடை போர்த்திய தவிசாளருக்குத் தனியாக நன்றி. இந்த வெக்கையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பேச முடியாது, மன்னிக்கவும்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: நகரத்து ஆறுகளை மீட்பது, அதற்கு மாகாணங்கள் கைகோப்பது, பணம் எங்கிருந்து வரும் என்பது. சரி, பேசலாம். அதற்கு முன் என் பழமொழி. தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. ஆற்றிலே போகிற தண்ணீர், அம்மா குடி ஐயா குடி. தனக்குச் சொந்தமில்லாததைத் தாராளமாய் உபசாரம் பண்ணுகிறவனுக்குச் சொன்னது.

மகாவலி ஆற்றின் கதை அதுதான். 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கத்தில் நம்முடைய கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. வழியில் கண்டி நகரத்து அழுக்கு மெதஎல என்ற வாய்க்கால் வழியாக அதில் கலக்கிறது. 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மறித்து ஒரு பங்கு நீரை வடமத்திப் பக்கம் திருப்பினார்கள். கண்டிக்காரருக்கு நம் பக்கம் தெரியாது என்று சொல்லவும் முடியாது, 1660இலேயே இங்கே வந்து ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்!

ரைன் நதியைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, லக்சம்பேர்க், நெதர்லாந்து ஐந்தும் 1950இல் அந்த ஆற்றைக் காக்க ஒரு ஆணைக்குழு அமைத்தன. நெதர்லாந்து இருப்பது நம்மைப் போல ஆற்றின் கடைசியில், ஆனால் அதற்கும் மேசையில் இடம் உண்டு. 1986இல் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் இரசாயனக் களஞ்சியம் எரிந்து ஆறே சிவந்தது, மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த வருஷமே சல்மன் மீனைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தை எல்லா நாடும் சேர்ந்து எடுத்தன. பணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று அப்புறம் சொல்கிறேன்.

என் பெரியப்பா கலியாணத்தைச் சொன்னால் இது சுலபமாக விளங்கும். அப்போது பாலம் ஏது, மகாவலி கங்கையைப் ‘பாதை’யில், அதாவது கயிறு இழுத்து ஓட்டும் மிதவையில்தான் கடக்க வேண்டும். பெண் வீடு அக்கரையில், முகூர்த்தம் பத்தரைக்கு, ஒன்பது மணிக்குப் பாதை அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. கூப்பிட்டால் “சாப்பிடுகிறோம்” என்று பதில் வருகிறது. இக்கரையில் மாப்பிள்ளை வீட்டார், இரண்டு மீன் லொறி, பள்ளிக்கு நிதி சேர்க்கப் போன மௌலவி, சோமபுரத்துக்குப் போகிற ஒரு முதலாளி. கடைசியில் பாதை வந்தது, ஆள் போதவில்லை, கயிற்றை இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள். மௌலவி சாரத்தை மடித்துக் கட்டினார், லொறிக்காரர் இறங்கினார்கள், முதலாளி சிங்களத்தில் ஏலேலோ போட்டார். பெரியப்பா பட்டு வேட்டியோடு கயிற்றைப் பிடித்துவிட்டார்! தாலி கட்டும்போது உள்ளங்கை உரிந்து எரிந்ததாம். பெரியம்மா சாகும்வரை அவரைப் “பாதை இழுத்த மாப்பிள்ளை” என்றுதான் கூப்பிட்டார். (கைதட்டல் போதும்.)

மாகாணங்கள் கைகோப்பதும் அப்படித்தான். ஆனால் நான் இன்றைக்கு உண்மையில் வந்தது மணலுக்காக. ஆற்றிலே கிடக்கிற மணல், அம்மா அள்ளு ஐயா அள்ளு என்று ஆகிவிட்டது. மேலே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகள் மணலைத் தடுத்து வைக்கின்றன, கீழே நாம் அள்ளுகிறோம். அள்ளியது திரும்பி வராது. ஆற்றடி பள்ளமாகும், கரை இடியும், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், கரையோரக் கிணறு உவர்க்கும். கண்டியில் எத்தனை பூங்கா கட்டினாலும் என்ன, நடைபாதை போட்டாலும் என்ன? வீடு கட்ட மணல் வேண்டாமா என்று கேட்கிறீர்கள், வேண்டும்தான். எவ்வளவு, எந்த இடத்தில் என்று சொல்லும் மேசையில் கிண்ணியாக்காரனும் மூதூர்க்காரனும் இருக்க வேண்டும். கண்டி முதல் கொட்டியாரம் வரை ஒரே சபை, அதன் சம்மதம் இல்லாமல் மணல் அனுமதி ஒன்றும் கூடாது, இதுதான் நம் கோரிக்கை.

பணத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். இந்தக் கோரிக்கையை எழுதிய மகஜர் வாசலில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து மூன்றையும் போட்டுவிட்டு வடைக்குப் போங்கள்.