மழைக்கோடையில் புல் உலர்த்துவது

நேயர்களுக்கு வணக்கம். கோடையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது வெட்டிய புல்லை எப்படிக் காயவைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானம் கறுத்ததும் அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளிப் போரில் அடுக்கிவிடுகிறோமே, அந்த அவசரம் மழையைவிட மோசம். இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பச்சைப்புல்லில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அது 15 அளவுக்கு இறங்கினால்தான் போரில் கெடாது. வெட்டிய புல் உடனே சாவதில்லை. மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைத் தானே கரைத்துக்கொண்டிருக்கும். ஆகவே வெட்டிய கையோடு பரப்பிவிடுங்கள். அன்றே ஒரு தூறல் விழுந்தால் கவலையில்லை, வடிந்துவிடும். முக்கால்வாசி காய்ந்ததன்மேல் விழும் மழைதான் சத்தைக் கழுவிக்கொண்டு போகும். மழை வரும்போல் இருந்தால் அப்படிக் காய்ந்த புல்லை முதலில் வரிசையாகக் கூட்டுங்கள்.

வெயில் மட்டுமல்ல, காற்றும் உலர்த்தும். நார்வேயில் முளையடித்துக் கம்பி கட்டிப் புல்லைத் தொங்கவிட்டு உலர்த்தும் பழைய வழக்கம் உண்டு. வெளிப்புறம் நனைந்தாலும் உள்ளே காற்று ஓடும்.

சரி, காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலையைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். இலை சீக்கிரம் காய்ந்துவிடும், கணு கடைசியில்தான் காயும். தடித்த தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் ஈரம். அடுத்தது உப்புச் சோதனை. புல்லைப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் பாதிக்குப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த தூள் உப்பு ஒரு பிடி சேர்த்து, மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டி கட்டியாக ஒட்டினால் போரில் ஏற்றாதீர்கள். உதிரியாகவே இருந்தால் ஏற்றலாம். பரப்பியதில் ஒரே இடத்துப் புல்லை எடுக்காமல், அடியில் கிடப்பதையும் நிழலில் கிடந்ததையும் சேர்த்து எடுங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? ஈரமாக அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகும், சூடேறும். சில வாரங்கள் கழித்துப் போர் தானே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. அடுக்கிய பிறகு நீள இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, தினமும் உருவித் தொட்டுப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் நீங்களாகப் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றிக்கொள்ளும். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஊறுகாய்ப் புல்லைப் பற்றிச் சுருக்கமாக: மழை விடவே இல்லையென்றால் உலர்த்தும் எண்ணத்தை விட்டுவிடலாம். லேசாக வாடியதும் நறுக்கி, குழியில் மிதித்து, காற்றுப் புகாமல் மூடினால் போதும். பூசணம் பிடித்ததை மட்டும் மாட்டுக்குப் போடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் தூசி உங்கள் நுரையீரலுக்கும் கெடுதல். நன்றி, வணக்கம்.