சணல் பாராசூட்

நேயர்களுக்கு வணக்கம். குடோன், லாரி, லோடு என்றே என் வேலைக்காலம் போயிற்று. அதனால் போர் வரலாறு படித்தாலும் யார் ஜெயித்தார்கள் என்பதில் என் கவனம் நிற்காது. அத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றுதான் தேடுவேன்.

இரண்டாம் உலகப்போர், பர்மா எல்லை. ஜப்பானியரை எதிர்த்து நின்றது பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காவது ராணுவம். அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மலை, காடு, அடைமழை. ரோடு இல்லாத இடங்களுக்கு அரிசியும் மாவும் தோட்டாவும் விமானத்திலிருந்து பாராசூட்டில்தான் இறங்க வேண்டும். அந்த பாராசூட்டுக்குத்தான் பஞ்சம். ஐரோப்பாவுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தானே பர்மாவுக்கு!

பட்டு கிடைக்காது. சரி, பக்கத்தில் என்ன கிடைக்கும்? வங்காளம் முழுக்கச் சணல். ஸ்லிம் நேரே கல்கத்தா போய் சணல் ஆலைக்காரர்களைப் பார்த்தார். துணி, கயிறு எல்லாமே சணலில் ஒரு பாராசூட் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும், பணம் எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். யோசித்துப் பாருங்கள், உங்கள் கடைக்கு ஒருவர் வந்து இப்படி ஆர்டர் கொடுத்தால் டீயாவது வாங்கிக் கொடுப்பீர்களா? அவர்களோ, பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

நம் வீட்டு அரிசி மூட்டையின் கோணி தெரியுமல்லவா, அதன் உறவுதான் அந்தத் துணி. ஒரு மாதத்துக்குள் பாராசூட் தயார். நல்ல பாராசூட்டில் 85 சதவீதம் அளவுக்கு நம்பலாம் என்று ஸ்லிம் எழுதியிருக்கிறார். விலை ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சற்று மேல்; அசலின் விலையோ இருபது பவுண்டுக்கு மேல்.

மீதி 15 சதவீதம்? அங்கேதான் எனக்கு ஸ்லிம்மைப் பிடிக்கும். அதில் மனிதனை இறக்கவில்லை, உடையும் பொருளை இறக்கவில்லை. அரிசி மூட்டை கொஞ்சம் வேகமாக விழுந்தால் என்ன? எதற்கு முதல் தரம் வேண்டும், எதற்கு இது போதும் என்று பிரிக்கத் தெரிந்திருந்தது. நம் கம்பெனிகளில் எல்லாவற்றுக்கும் முதல் தரம் கேட்டுவிட்டு, வரும்வரை லைனை நிறுத்தி வைப்பார்கள். முறைப்படி வாங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து ஸ்லிம்முக்குத் திட்டும் வந்தது. பர்ச்சேஸ் பிரிவு எந்த ஊரிலும் பர்ச்சேஸ் பிரிவுதான்.

அப்புறம், ஸ்லிம்மின் சப்ளை அதிகாரி ஸ்னெல்லிங். 1944 பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கடலோரப் பகுதியான அரக்கானில் ஏழாவது இந்தியப் படைப்பிரிவை ஜப்பானியர் சுற்றி வளைத்தார்கள். முன்பெல்லாம் வளைத்தால் பின்வாங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை நின்றார்கள், ஏனென்றால் சாப்பாடு வானத்திலிருந்து வந்தது. சிகரெட், கடிதம், செய்தித்தாள் உட்பட! வளைத்த பிறகு கட்டிய மூட்டைகள் இல்லை அவை. சண்டை தொடங்கும் முன்பே விமானத்தளத்தில் கட்டி அடுக்கியாகிவிட்டது. திட்டம் ஸ்னெல்லிங்குக்கு முன்கூட்டியே தெரியும். நம் ஊரில் ஆடித் தள்ளுபடி எப்போது என்று குடோன்காரருக்குப் பேப்பர் விளம்பரம் பார்த்துத்தான் தெரியும். நான் அப்படித் தெரிந்துகொண்டவன்தான். திட்டம் போடுகிற அன்றே குடோன்காரரையும் உட்கார வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், அன்றே உட்கார வையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மரத்தில் படகு கட்டி ஆற்றில் சரக்கு விட்ட கதைக்கு நேரமில்லை. மலேரியாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1943இல் காயம்பட்டு ஒருவர் திரும்பினால், நோயால் 120 பேர் திரும்பினார்கள். மாத்திரை இருந்தது, விழுங்கத்தான் ஆளில்லை. ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார், சிப்பாய்கள் விழுங்காத படைகளின் தளபதிகளை வேலையிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. வணக்கம்.