சுண்ணாம்புக்கல் நாட்டுக்கு ஒரு பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய அமெரிக்காவில் பழைய நாகரிகம் ஒன்றை வளர்த்த மாயர்களின் இடிபாடுகள் என்றால் மெக்சிகோவின் சிச்சேன் இட்சாதான் பலருக்கும் ஞாபகம் வரும். நான் பேசப்போவது அதற்குத் தெற்கே, கரீபியன் கடலோரத்தில் இருக்கும் பெலீஸ் என்ற சின்ன நாட்டைப் பற்றி. 1981 வரை பிரிட்டனின் பிடியில் இருந்த நாடு. ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் பேச்சுக்குச் சிரமமில்லை.

பயண ஏற்பாட்டாளர்கள் ஒரு நாள் கோயில், ஒரு நாள் குகை, ஒரு நாள் பவளப்பாறை என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் மூன்றுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான். பழங்காலக் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. மழை அதைக் கரைத்துக் குகை குடைந்தது. மாயர்கள் அதை வெட்டிக் கோபுரம் எழுப்பினார்கள். சுட்டு நீற்றிக் காரை பூசினார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில்தான் மக்காச்சோளத்தையும் வேகவைத்தார்கள். தோல் கழன்று வரும், மாவு நன்றாகச் சேரும், சத்தும் கூடும். இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சமையலறைகளில் அதே வழக்கம்தான்.

கோயில்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் காரகோலுக்குப் போங்கள். குவாத்தமாலா எல்லையை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது, பாதை முன்பெல்லாம் உடம்பை உலுக்கி எடுத்துவிடும். மகோகனி மரம் தேடிப் போன ரோசா மாய் என்பவர் 1937இல் கண்டு சொன்ன ஊர் இது. அங்குள்ள கானா என்ற மாளிகைக் கோபுரம் சுமார் 43 மீட்டர் உயரம். இன்றைக்கும் அந்நாட்டின் மிக உயரமான கட்டடங்களில் அதற்கு இடமுண்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. படிகள் அவ்வளவு செங்குத்து.

கோபுரத்தைவிட என்னை யோசிக்க வைத்தது தண்ணீர். இத்தனை பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆறு கிடையாது. பெய்யும் மழையைச் சுண்ணாம்பு மண் அப்படியே உறிஞ்சிவிடும். நீர்த்தேக்கங்கள் வெட்டி, மலைச்சரிவுகளில் படிக்கட்டு வயல்கள் அமைத்து அவர்கள் சமாளித்தார்கள். ‘சாக்’ என்ற மழைக் கடவுளுக்கு அங்கே ஏன் அத்தனை மரியாதை என்பது அந்த இடத்தில் நின்றால் புரியும்.

அந்த மழைக் கடவுளுக்குப் படையல் வைத்த இடம்தான் குகை. ஆக்டுன் துனிசில் முக்னால் என்று பெயர். எல்லாரும் சுருக்கமாக ஏடிஎம் என்கிறார்கள், சிரிக்காதீர்கள்! ஆற்றைக் கடந்து காட்டில் நடந்து, வாயிலில் நீந்தித்தான் உள்ளே நுழைய வேண்டும். அப்புறம் இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் நடை. மேல்தளம் ஏறியதும் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காலுறையோடு மட்டும் நடக்கச் சொல்வார்கள். காரணம், பானைகள் காலடியிலேயே கிடக்கின்றன. பெரும்பாலானவை 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை. மேலிருந்து சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்து, அடிப்பாகம் தரையோடு ஒட்டிப்போயிருக்கிறது. இன்னும் உள்ளே பலியிடப்பட்ட ஓர் இளவயதினரின் எலும்புக்கூடு. அதன் மேல் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் பூத்து, விளக்கொளி பட்டால் மினுங்கும். படிகக் கன்னி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது ஓர் இளைஞனாக இருக்கலாம் என்பது பிந்தைய ஆய்வாளர்களின் கருத்து.

கேமரா கொண்டுபோக அனுமதியில்லை. 2012இல் ஒரு பயணியின் கையிலிருந்து நழுவிய கேமரா மண்டை ஓடு ஒன்றின் மேல் விழுந்து உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு தடை. நல்ல தடைதான். படம் எடுக்க முடியாது என்றால்தான் நாம் நின்று பார்க்கிறோம்.

அந்தப் பானைகளின் காலம் கடும் வறட்சிக் காலம். இதற்கான தடயம் கடலிலும் கிடைத்தது. கடற்கரைக்கு அப்பால் பெரிய நீலத்துளை என்று ஒன்று இருக்கிறதே, 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கு மேல் ஆழம், அதுவும் ஒரு காலத்தில் நிலத்துக் குகைதான். பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது மூழ்கிப்போனது. 40 மீட்டர் ஆழத்தில் இன்னும் கல் விழுதுகள் தொங்குகின்றன. அதன் அடிவண்டலை ஆராய்ந்தவர்கள், மாயர் நகரங்கள் காலியான 9ஆம் நூற்றாண்டையொட்டி மழை பொய்த்ததைக் கண்டார்கள். போர், அரசியல் என்று வேறு காரணங்களும் உண்டு. நகரங்கள்தான் காலியாயின, மக்கள் எங்கும் போய்விடவில்லை. தெற்கே டொலிடோ மாவட்டத்து மாயக் கிராமங்களின் நில உரிமையைக் கரீபியன் நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது.

நீலத்துளையில் முக்குளிக்கச் செலவு அதிகம், மீன்களோ குறைவு. என்னைக் கேட்டால், சான் பெட்ரோ ஊருக்குப் பக்கத்தில் ஹோல் சான் என்ற கடல் காப்பகம் போதும். 1987இலிருந்து பாதுகாக்கப்படும் இடம். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தால், கிளிமீன்கள் பவளப்பாறையைக் கறக் கறக் என்று கடிப்பது காதில் விழும். பாசியைத் தின்பதற்காகக் கல்லையும் சேர்த்து விழுங்கி, மணலாக வெளியேற்றுகின்றன. பாசி மண்டினால் பவளம் சாகும் என்பதால், கிளிமீன் பிடிப்பதை அந்நாடு 2009இல் தடைசெய்தது. அதே ஆண்டு ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெலீஸ் பவளத்திட்டு, கடலில் எண்ணெய் எடுக்க அரசு தடை போட்ட பிறகு 2018இல் அதிலிருந்து வெளியே வந்தது.

சரி, எப்போது போகலாம்? பிப்ரவரி முதல் மே வரை வறண்ட காலம், அதுதான் தோது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆற்றில் வெள்ளம் வந்தால் குகையை மூடிவிடுவார்கள். கடைசி நாளைக்கென்று குகையை ஒத்திவைக்காமல் முதலிலேயே போய்விடுங்கள். ஒரு ஜோடி காலுறை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.